மினமாட்டா: மீனில்தான் விஷம் என்று தெரிந்த பிறகும் பதினோரு ஆண்டுகள்

ஆற்றிலோ கழிமுகத்திலோ ரசாயனம் கலந்துவிட்டது என்று செய்தி வந்தால், கரையோரத்து மக்கள் கேட்கும் முதல் கேள்வி "இந்த மீனைச் சாப்பிடலாமா?" என்பதுதான். அதிகாரிகளிடமிருந்து பெரும்பாலும் வருவது வேறு பேச்சு. என்ன ரசாயனம், எவ்வளவு, எந்த ஆலையிலிருந்து வந்தது என்பதெல்லாம் உறுதியாகட்டும், மீனைப் பற்றி அப்புறம் பார்க்கலாம் என்பார்கள். இந்த வரிசை எவ்வளவு ஆபத்தானது என்று தெரிய வேண்டுமானால் ஜப்பானின் மினமாட்டாவைப் பார்க்க வேண்டும். பாதரச விஷத்தின் கதையாகத்தான் அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த ஊரின் கோப்புகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது பாதரசம் என்ற பெயர் வருவதற்கு முன்னால், 1957இல் எடுக்கப்பட்ட ஒரு முடிவு. அதனால் இந்த ஆய்வில் அந்த ஆண்டில்தான் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

ஊரும் ஆலையும்

கியூஷூ தீவின் மேற்குக் கரையில், குமமோட்டோ மாகாணத்தின் தெற்கு மூலையில் இருக்கிறது மினமாட்டா. அதற்கு முன்னால் விரிந்திருக்கும் ஷிரானுய் கடல் திறந்த கடல் அல்ல. ஒரு பக்கம் கியூஷூ, மறுபக்கம் அமகுசா தீவுகள், நடுவில் அடைபட்ட உள்கடல். அலை குறைவு, மீன் அதிகம். மடவை, நெத்திலி, வாளை, நண்டு, சிப்பி, ஆக்டோபஸ் என்று கரையோரக் குடும்பங்கள் பிடித்ததைத் தின்று மீதியை விற்று வாழ்ந்தார்கள். அரிசி வாங்கக் காசு வேண்டும், மீனுக்கு வேண்டாம். அதனால் ஏழை வீடுகளில் மூன்று வேளையும் மீன்தான். தண்ணீர் அதிகம் மாறாத உள்கடல் என்பதையும், மீனே முக்கிய உணவு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நடந்த எல்லாவற்றுக்கும் அடியில் இவை இரண்டும் இருக்கின்றன.

1908இல் அங்கே ஆலை வந்தது. பிற்பாடு சிஸ்ஸோ என்று பெயர் பெற்ற நிறுவனம் அது. 1932இல் அசிட்டால்டிஹைடு தயாரிக்கத் தொடங்கினார்கள். அசிட்டிக் அமிலத்துக்கும், போருக்குப் பிறகு பிளாஸ்டிக்கை இளக்கும் பொருள்களுக்கும் அதுதான் மூலப்பொருள். அசிட்டிலீன் வாயுவை அசிட்டால்டிஹைடாக மாற்றப் பாதரச சல்பேட் வினையூக்கி. அந்த உலைக்குள்ளேயே பாதரசத்தில் ஒரு சிறு பகுதி மெத்தில் பாதரசமாக மாறியது. கழிவுநீர் ஹியக்கன் துறைமுக வாய்க்கால் வழியாக நேராக வளைகுடாவுக்குள் போனது.

ஊரில் பலருக்கு ஆலைதான் சோறு போட்டது. நகராட்சியின் வரி வருமானமும் அதை நம்பியிருந்தது. மீன்வளம் கெடுகிறது என்று மீனவர் சங்கம் 1926இலேயே முறையிட்டுச் சிறு தொகை வாங்கியது. 1943இல் மறுபடியும். பணத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளும் பழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது.

பூனைகள் முதலில்

1950களின் தொடக்கத்தில் வளைகுடாவில் மீன்கள் செத்து மிதந்தன. காக்கைகள் பறக்கும்போதே விழுந்தன. மீன் கழிவைத் தின்று வளர்ந்த வீட்டுப் பூனைகள் தள்ளாடின, சுற்றிச் சுற்றி ஓடின, எச்சில் வடிய வலிப்பு வந்து செத்தன. சில கடலுக்குள் பாய்ந்தன. "பூனை ஆட்ட நோய்" என்று ஊரார் பெயர் வைத்தார்கள். 1954 ஆகஸ்டில் குமமோட்டோ நாளிதழ் ஒன்றில் ஒரு சின்னச் செய்தி வந்தது: மொடோ என்ற மீனவக் குப்பத்தில் பூனைகள் அனேகமாக எல்லாமே செத்துவிட்டன, எலித்தொல்லை தாங்கவில்லை, நகராட்சி ஏதாவது செய்ய வேண்டும். எலியை ஒழிக்கத்தான் அந்த முறையீடு. பூனை ஏன் செத்தது என்று யாரும் விசாரிக்கவில்லை.

1956 ஏப்ரல் 21 அன்று ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி ஆலையின் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டாள். நடக்க முடியவில்லை, பேச்சு குழறியது, வலிப்பு. சில நாளில் தங்கைக்கும் அதே அறிகுறிகள். அக்கம்பக்கத்திலும் இப்படிப் பிள்ளைகள் இருப்பதாகத் தாய் சொன்னாள். மருத்துவமனைத் தலைவர் ஹொசொகவா ஹஜிமே, மே 1 அன்று, காரணம் தெரியாத மூளை நரம்பு நோய் பரவுவதாகச் சுகாதார நிலையத்துக்கு அறிவித்தார். மினமாட்டா நோய் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்ட நாள் அதுதான்.

முதலில் தொற்று என்று பயந்தார்கள். நோயாளிகளைத் தனி வார்டில் வைத்தார்கள், வீடுகளுக்கு மருந்தடித்தார்கள். அந்த அவப்பெயர் பல ஆண்டுகள் போகவில்லை. கடைக்குப் போனால் அந்த வீட்டுக்காரர்களின் கையிலிருந்து காசு வாங்கக்கூடத் தயங்கினார்கள். அக்டோபருக்குள் 40 பேர் கண்டறியப்பட்டார்கள். அவர்களில் 14 பேர் இறந்திருந்தார்கள்.

ஆகஸ்டில் குமமோட்டோ பல்கலைக்கழகம் ஆய்வுக் குழு அமைத்தது. நவம்பர் 4 அன்று முதல் அறிக்கை. இது தொற்று அல்ல, ஏதோ ஒரு கன உலோகத்தின் விஷம், அது உடலுக்குள் போகும் வழி மீனும் சிப்பியும் என்று அதில் சொன்னார்கள். முதல் நோயாளி பதிவாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. இந்த வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும். எந்த உலோகம் என்று மட்டும் தெரியவில்லை. மாங்கனீசு, செலினியம், தாலியம் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகித்தார்கள்.

1957: தடுத்திருக்க வேண்டிய ஆண்டு

மினமாட்டா சுகாதார நிலையத்தின் தலைவர் இத்தோ ஹசுவோ எளிமையான ஒரு சோதனை செய்தார். நோய் இல்லாத இடத்திலிருந்து பூனைகளைக் கொண்டுவந்து, வளைகுடாவில் பிடித்த மீனையும் சிப்பியையும் தின்னக் கொடுத்தார். சில வாரங்களிலேயே பூனைகள் அதே மாதிரி தள்ளாடி விழுந்தன. பெரிய ஆய்வகம் எதுவும் தேவைப்படவில்லை. அந்த மீனைத் தின்றால் இந்த நோய் வரும் என்பதற்கு இதைவிட நேரான நிரூபணம் என்ன வேண்டும்?

ஜப்பானில் 1947 முதல் உணவுச் சுகாதாரச் சட்டம் இருந்தது. நச்சுள்ள உணவை விற்பதையும், விற்பதற்காகப் பிடிப்பதையும் அதன் கீழ் தடுக்கலாம். முன்னுதாரணமும் இருந்தது. ஷிசுவோகா மாகாணத்தின் ஹமானா ஏரியில் 1942இல் சிப்பி தின்று நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1949இல் மறுபடி அதே நஞ்சு தலைகாட்டியபோது, அது என்ன நஞ்சு என்று கண்டுபிடிக்கப்படாத நிலையிலேயே, இந்தச் சட்டத்தைக் காட்டி மாகாணம் சிப்பி எடுப்பதை நிறுத்தியது. குமமோட்டோ அதிகாரிகள் ஷிசுவோகாவிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அதாவது வழியும் தெரியும், சட்டமும் கையில் இருந்தது.

1957 ஆகஸ்டில் மாகாண அரசு, மினமாட்டா வளைகுடா மீனுக்கு இந்தச் சட்டத்தைப் பயன்படுத்தலாமா என்று டோக்கியோவில் உள்ள சுகாதார அமைச்சகத்துக்கு எழுதியது. செப்டம்பர் 11 அன்று பதில் வந்தது. வளைகுடாவின் குறிப்பிட்ட பகுதியில் உள்ள மீனும் சிப்பியும் எல்லாமே நச்சுள்ளவை என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை, எனவே சட்டத்தைப் பயன்படுத்த முடியாது என்பது அதன் சாரம்.

எல்லா மீனும்! கல்யாணப் பந்தியில் சாப்பிட்டவர்கள் வரிசையாக வாந்தி எடுத்தால், எந்தக் கிருமி என்று ஆய்வகம் சொல்லும்வரை அதே சாம்பாரை அடுத்த பந்திக்கு யாராவது பரிமாறுவார்களா? அண்டாவில் இருக்கும் ஒவ்வொரு கரண்டியும் கெட்டது என்று நிரூபித்தால்தான் கவிழ்ப்பேன் என்று யாராவது சொல்வார்களா? உணவு நச்சுக்கான விதி எளியது: எந்த உணவு என்று தெரிந்தால் போதும், அதை நிறுத்து. என்ன நஞ்சு என்பது அடுத்த கேள்வி. ஜப்பானின் மற்ற எல்லா உணவு நச்சுச் சம்பவங்களிலும் நடைமுறை அதுதான். மினமாட்டாவில் மட்டும் வரிசையை மாற்றினார்கள். ஒகயாமா பல்கலைக்கழகத்தின் நோய்ப்பரவியல் அறிஞர் ட்சுடா டொஷிஹிடே பல ஆண்டுகளாக வலியுறுத்தும் கருத்து இது. அந்தப் பதிலைப் படித்த பிறகு எனக்கும் வேறு மாதிரி நினைக்க முடியவில்லை.

சட்டத் தடை இல்லாததால் "நீங்களாகவே பிடிக்காமல் இருங்கள்" என்ற அறிவுரை மட்டும் மிஞ்சியது. நஷ்டஈடு இல்லை, மாற்றுத் தொழில் இல்லை. 1950களின் தொடக்கத்தோடு ஒப்பிட்டால் 1956இலேயே மீனவர் சங்கத்தின் பிடிப்பு நான்கில் ஒரு பங்குக்கும் கீழே போயிருந்தது. மினமாட்டா மீன் என்றால் சந்தையில் வாங்க ஆளில்லை. விற்க முடியாத மீன் பிடித்தவரின் அடுப்புக்குத்தான் போகும். சந்தை தானாக விலகிக்கொண்டது, அதில் வெளியூர்க்காரர்கள் தப்பினார்கள். வேறு உணவு வாங்க வழியில்லாதவர்கள் தொடர்ந்து தின்றார்கள். கரையோர மாசு எங்கே நடந்தாலும் மிக அதிகமாகப் பாதிக்கப்படுவது அந்த மீனையே நம்பி வாழும் குடும்பம்தான் என்பதற்கு இந்த ஒரு ஊரின் கணக்கு போதும்.

ஆலைக்குள் தெரிந்தது

1958 செப்டம்பரில் ஆலை தன் கழிவுநீரின் வழியை மாற்றியது. வளைகுடாவுக்குப் பதில் மினமாட்டா ஆற்றின் முகத்துவாரம். கழிவு குறையவில்லை. வளைகுடாவுக்குள் தேங்கியிருந்தது இப்போது ஷிரானுய் கடல் முழுவதும் பரவியது. 1959இல் வடக்கே புதிய ஊர்களில் நோயாளிகள் முளைத்தார்கள். தெரியாமல் நடந்த பரிசோதனை மாதிரி ஆகிவிட்டது. கழிவு எங்கே போனதோ அங்கே நோயும் போனது.

1959 ஜூலையில் பல்கலைக்கழகக் குழு பெயரைச் சொல்லிவிட்டது: கரிமப் பாதரசம், அதாவது மெத்தில் பாதரசம் சேர்ந்த வகை. 1940இல் இங்கிலாந்தில் மெத்தில் பாதரசப் பூஞ்சைக்கொல்லி ஆலைத் தொழிலாளர்களிடம் ஹன்ட்டர், ரஸ்ஸல் முதலான மருத்துவர்கள் பதிவுசெய்த அறிகுறிகளோடு இவை அப்படியே பொருந்தின: கைகால் மரத்துப்போதல், நடை தடுமாற்றம், குழறும் பேச்சு, பக்கப் பார்வை சுருங்குதல். கழிவு வாய்க்கால் அருகே சேற்றில் ஒரு டன்னுக்கு 2 கிலோ பாதரசம் இருந்தது. வெட்டியெடுத்து விற்கலாம் போன்ற அளவு. பின்னாளில் சிஸ்ஸோ அதைச் செய்யவும் செய்தது.

ஹொசொகவா தன் பங்குக்கு ஆலைக்குள்ளேயே பூனைச் சோதனை நடத்திக்கொண்டிருந்தார். அசிட்டால்டிஹைடு பிரிவின் கழிவுநீரைத் தீனியில் கலந்து கொடுத்த 400ஆம் எண் பூனைக்கு 1959 அக்டோபரில் நோய் வந்தது. நிர்வாகம் அதை வெளியே விடவில்லை. 1970இல் மரணப் படுக்கையிலிருந்து அவர் கொடுத்த சாட்சியத்தில்தான் நீதிமன்றத்துக்கு அது தெரிந்தது.

அந்த ஆண்டு டிசம்பரில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஆலை "சைக்ளேட்டர்" என்ற சுத்திகரிப்புக் கருவியைத் திறந்து, சுத்தம் செய்த தண்ணீர் என்று தலைவர் ஒரு கோப்பை குடித்தும் காட்டினார். கரிமப் பாதரசத்தை நீக்க அந்தக் கருவி வடிவமைக்கப்படவே இல்லை என்பது பிறகு வெளிவந்தது. டிசம்பர் 30 அன்று நோயாளிக் குடும்பங்களோடு "அனுதாபத் தொகை" ஒப்பந்தம்: சாவுக்கு 3 லட்சம் யென், உயிரோடு இருக்கும் பெரியவருக்கு ஆண்டுக்கு 1 லட்சம், சிறுவருக்கு 30,000. ஆலைதான் காரணம் என்று பின்னால் நிரூபணமானாலும் மேற்கொண்டு கேட்கக் கூடாது என்று ஒரு வாசகமும் அதில் சேர்க்கப்பட்டது. பிரச்சினை முடிந்தது என்று நாடு நம்பியது. அசிட்டால்டிஹைடு உற்பத்தி அடுத்த ஆண்டு உச்சத்தைத் தொட்டது.

1965இல் ஹொன்ஷூவின் நிகாட்டாவில், அகானோ ஆற்று மீன் தின்றவர்களிடம் அதே நோய். அங்கே ஷோவா டென்கோவின் ஆலை, அதே தயாரிப்பு முறை. மினமாட்டாவில் 1957இலோ 1959இலோ அரசு அசைந்திருந்தால் நிகாட்டா நடந்திருக்காது. சிஸ்ஸோ 1968 மே மாதம் அசிட்டால்டிஹைடு உற்பத்தியை நிறுத்தியது. மனம் மாறி அல்ல, அந்தத் தொழில்நுட்பம் பழசாகிப்போனதால். செப்டம்பர் 26 அன்று, அதாவது ஆலை அந்தக் கழிவை விடுவதே நின்ற பிறகு, ஆலைக்கழிவின் மெத்தில் பாதரசமே காரணம் என்று அரசு அறிவித்தது. அதற்குள் 70 முதல் 150 டன் பாதரசம் கடலுக்குப் போயிருந்தது என்று மதிப்பிடுகிறார்கள்.

உடம்பில் அது செய்வது

மெத்தில் பாதரசத்தை மற்ற மாசுகளிலிருந்து வேறாக்குவது என்ன என்று புரிந்துகொள்வது நம் சமையலறைக்கும் அவசியம். கடலில் அதன் அளவு மிகச் சொற்பம். பாசியில் கொஞ்சம், பாசியைத் தின்னும் சிறு உயிரில் இன்னும் கொஞ்சம், அதைத் தின்னும் மீனில் பல மடங்கு என்று உணவுச் சங்கிலியில் ஏறிக்கொண்டே போகும். மீனின் தசைப் புரதத்தோடு பிணைந்துவிடுவதால், தோலை உரித்தாலும் குடலை எடுத்தாலும் மஞ்சள் போட்டு ஏழு தடவை அலசினாலும் போகாது. குழம்பிலும் போகாது, பொரித்தாலும் போகாது. மணத்திலோ ருசியிலோ வித்தியாசம் தெரியாது. மினமாட்டாவில் செத்தவர்கள் தின்றது புத்தம்புதிய மீன்.

எண்ணெய்க் கசிவில் நிலைமை வேறு. மீனில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும், முள்ளுள்ள மீன்கள் அந்த நச்சைக் கல்லீரலில் சிதைத்து வெளியேற்றும், சிப்பிகளால் அவ்வளவு சுலபமாக முடியாது. பிசிபி என்ற தொழிற்சாலை ரசாயனங்கள் போன்றவை கொழுப்பில் தங்குவதால் தோலையும் கொழுப்பையும் நீக்கினால் ஓரளவு குறையும். எல்லா மாசுக்கும் ஒரே சமையல் வைத்தியம் இல்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மனித உடலில் மெத்தில் பாதரசம் குடலில் அனேகமாக முழுவதும் உறிஞ்சப்படுகிறது. பாதி வெளியேற ஏறக்குறைய இரண்டு மாதம். தினமும் தின்றால் ஏறிக்கொண்டேதான் போகும். தலைமுடியில் அளந்தபோது நோயாளிகளிடம் அதிகபட்சம் 705 பிபிஎம் (பத்து லட்சத்தில் 705 பங்கு) இருந்தது. பாதிக்கப்படாத ஊர்களில் சராசரி 4 பிபிஎம் அளவுதான்.

அப்புறம் குழந்தைகள். நஞ்சுக்கொடி விஷத்தைத் தடுத்துவிடும் என்பது அன்றைய மருத்துவத்தின் நம்பிக்கை. பிறவியிலேயே மூளை முடங்கிய குழந்தைகள் மீனே தின்றதில்லை, ஆகவே இது மினமாட்டா நோய் அல்ல என்றார்கள். ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகளைக் காட்டி, பெரியவன் மீன் தின்று நோயாளி ஆனான், சின்னவனுக்கும் அதே நோய்தான் என்று தாய்மார்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இளம் மருத்துவர் ஹராடா மசசுமி அவர்கள் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டார். 1962இல் இறந்துபோன ஒரு குழந்தையின் உடலாய்வு தாய்மார்களை உண்மையாக்கியது, அந்த ஆண்டே 16 குழந்தைகள் நோயாளிகளாக ஏற்கப்பட்டார்கள். தாய்க்கு அறிகுறி லேசாகவும் பிள்ளைக்குக் கடுமையாகவும் இருந்ததன் பொருள் கொடூரமானது: தாயின் உடம்பிலிருந்த விஷம் வயிற்றுப் பிள்ளைக்குப் போயிருந்தது.

நம் வீடுகளில் தொப்புள்கொடியைக் காயவைத்துத் தாயத்தில் அடைப்பதுபோல ஜப்பானில் சிறு மரப்பெட்டியில் வைத்துக் காப்பாற்றுவார்கள். பிற்பாடு ஹராடாவும் மற்றவர்களும் அந்தக் கொடிகளை வீடு வீடாகக் கேட்டு வாங்கிச் சோதித்தார்கள். குழந்தை பிறந்த ஆண்டையும் கொடியில் இருந்த மெத்தில் பாதரசத்தையும் வரைபடத்தில் போட்டால், ஆலையின் அசிட்டால்டிஹைடு உற்பத்தி ஏறிய ஆண்டுகளில் அதுவும் ஏறியிருந்தது. எந்த அரசும் எடுக்கத் துணியாத அளவீட்டை அம்மாக்கள் பெட்டிகளில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள்.

மீன் மறுபடி உணவானது

1973 மார்ச்சில் குமமோட்டோ நீதிமன்றம் சிஸ்ஸோவின் பொறுப்பை நிலைநாட்டி, 1959 ஒப்பந்தத்தைச் செல்லாது என்று தள்ளியது. அந்த ஆண்டுதான் ஜப்பான் மீனுக்கு வரம்பு வைத்தது: மொத்தப் பாதரசம் 0.4 பிபிஎம், மெத்தில் பாதரசம் 0.3 பிபிஎம். 1974இல் வளைகுடாவின் வாயில் தடுப்பு வலை கட்டினார்கள். உள்ளே சிக்கிய மீனை மீனவர்களே பிடித்துக் கொடுக்க, காசு கொடுத்து வாங்கி, டிரம்களில் அடைத்துப் புதைத்தார்கள். 1977 முதல் 1990 வரை 25 பிபிஎம்முக்கு மேல் பாதரசம் இருந்த சேற்றை உறிஞ்சி, இரும்புத் தகடு அடித்த தடுப்புகளுக்குள் நிரப்பி மூடினார்கள். ஆன செலவு சுமார் 4,850 கோடி யென். 58 ஹெக்டேர் கடல் நிலமாகி இன்று அதன்மேல் பூங்கா இருக்கிறது. மீன்கள் தொடர்ந்து வரம்புக்குள் இருந்ததை உறுதிசெய்த பிறகு, 1997 ஜூலையில் ஆளுநர் மீன் பாதுகாப்பானது என்று அறிவித்தார். அக்டோபருக்குள் வலையை முழுவதும் எடுத்தார்கள்.

இந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் பிசகில்லாத வேலை. இடத்தை வரையறுத்தார்கள், பிடித்த மீனுக்குப் பணம் கொடுத்தார்கள், இனம் இனமாகச் சோதித்தார்கள், எண்ணைச் சொல்லி வரம்பைச் சொல்லித் திறந்துவிட்டார்கள். 1957இல் சட்டப்படி மூடியிருந்தால் இதில் முதல் இரண்டையும் அன்றே தொடங்கியிருக்கலாம். எண்ணூரோ கேரளத்து எலூரோ, எங்கே கழிவு கலந்தாலும் மீனவர்களும் வாங்குபவர்களும் கேட்க வேண்டியதும் இதைத்தான். தண்ணீர் மாதிரி மட்டும் போதாது, மீனின் தசையில் எவ்வளவு, எந்த இனத்தில், எந்த இடத்தில் பிடித்தது, மூடிய நாளுக்கு யார் கூலி கொடுப்பது என்று கேட்க வேண்டும்.

சாதாரண நாளில் சந்தைக்குப் போகும் நமக்குப் பயப்பட ஒன்றும் இல்லை. மத்தி, நெத்திலி, கிழங்கான் போன்ற சிறு மீன்கள் குறைந்த நாள் வாழ்பவை, உணவுச் சங்கிலியின் கீழ்ப்படியில் இருப்பவை. பாதரசம் அவற்றில் குறைவு. சுறா, பெரிய சூரை, பெரிய வஞ்சிரம் மாதிரி நெடுநாள் வாழ்ந்து மற்ற மீன்களைத் தின்பவற்றில் அதிகம். கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் அந்தப் பெரிய மீன்களைத் தவிர்ப்பது நல்லது. மீனையே விட்டுவிடத் தேவையில்லை, பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு மீன் வேண்டும். ஆனால் கழிவு விழும் கழிமுகத்தில் பிடித்த சிறு மீனுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

பாதரசம் நமக்கு அன்னியமும் அல்ல. கொடைக்கானலில் இந்துஸ்தான் யூனிலீவரின் வெப்பமானி ஆலை 2001இல் மூடப்பட்டது, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடைக்குப் போனது வெளியே வந்த பிறகு. 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் 2016இல்தான் உடன்பாட்டுக்கு வந்தது. பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013இல் உருவான சர்வதேச உடன்படிக்கைக்கு மினமாட்டா என்றே பெயர், இந்தியாவும் 2018இல் அதில் சேர்ந்தது.

மினமாட்டாவில் வழக்கு இன்னும் முடியவில்லை. குமமோட்டோ, ககோஷிமா மாகாணங்களில் முறைப்படி நோயாளியாக ஏற்கப்பட்டவர்கள் சுமார் 2,280 பேர். கைகால் மரத்தல் போன்ற அறிகுறிகளோடு, அந்தக் கடுமையான அளவுகோலுக்குள் வராமல், பின்னாள் தீர்வுத் திட்டங்களில் உதவி பெற்றவர்கள் பல்லாயிரம் பேர். 1959 இறுதிக்குப் பிறகு கழிவைத் தடுக்காத குற்றம் தேசிய அரசுக்கும் மாகாணத்துக்கும் உண்டு என்று 2004 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 செப்டம்பரில் ஒசாகா நீதிமன்றம் விடுபட்ட 128 பேரையும் நோயாளிகள் என்றது. 2024 மே 1 அன்று, பாதிக்கப்பட்டோர் சுற்றுச்சூழல் அமைச்சரோடு பேசிய கூட்டத்தில், மூன்று நிமிடம் தாண்டியதும் அதிகாரிகள் ஒலிவாங்கியை அணைத்துவிட்டார்கள். பேசிக்கொண்டிருந்த முதியவர் தன் மனைவியின் சாவைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வாரம் கழித்து அமைச்சர் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். ஷிரானுய் கடலோரத்தில் அந்த ஆண்டுகளில் மீன் தின்ற எல்லோரையும் பரிசோதிக்க வேண்டும் என்று நோயாளி அமைப்புகள் தொடர்ந்து கேட்டுவருகின்றன. 2009ஆம் ஆண்டு நிவாரணச் சட்டத்திலேயே அப்படி ஒரு ஆய்வுக்கு இடமிருக்கிறது. அந்தக் கூட்டத்திலும் அவர்கள் வைத்த கோரிக்கைகளில் அது ஒன்று.